நீலம் குருத்தெலும்பு, சிவப்பு எலும்பு: ஹட்டன் குளிரில் ஒரு நிறமூட்டல்

மீன்குஞ்சும் தேரையின் வாற்பேத்தையும் தம் உடம்பில் எந்த எலும்பை முதலில் கட்டுகின்றன என்பதை உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கண்ணெதிரே காட்ட வேண்டும் என்பது எனது நெடுநாள் விருப்பம். பாடப்புத்தகப் படத்தில் வன்கூடு எப்போதும் முழுதாக வளர்ந்துதான் நிற்கிறது. அது வளர்ந்த வழி அதில் தெரிவதில்லை. தசையைக் கண்ணாடிபோல் தெளியவைத்து, குருத்தெலும்பை நீலமாகவும் சுண்ணாம்பு படிந்த எலும்பைச் சிவப்பாகவும் காட்டும் இரட்டை நிறமூட்டல் முறை ஒன்று உண்டு. பெரிய ஆய்வுகூடம் இல்லாமலே, இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு பாடசாலை அறையின் ஓரத்து மேசையில் அதைச் செய்தோம். இதே ஊர்ப்பக்கத்தில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காக விவரமாக எழுதுகிறேன்.

முதலில் உயிர்கள் எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்லவேண்டும். மலையகத்தின் தவளைகளில் பெரும்பாலானவை இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. சட்டப் பாதுகாப்பும் அவற்றுக்கு உண்டு. எனவே உயிருள்ள எதையும் பிடிப்பதில்லை, எதையும் கொல்வதில்லை என்று பிள்ளைகளோடு பேசி முடிவெடுத்துக்கொண்டோம். பீலி வழியே நீர் கொட்டும் தோட்டத்துப் பீலிக்கரையில் வழிந்து தேங்கும் குட்டைகள் மழை விட்டதும் வற்றும்போது, தேரையின் கறுப்பு வாற்பேத்தைகள் கூட்டமாகச் செத்துக் கிடக்கும். அவற்றை அன்றன்றே எடுத்தோம். தெருவில் நசுங்கிய குட்டித்தேரைகள் சில கிடைத்தன. மீனுக்கு, வடிகாலில் தானாகப் பெருகும் கப்பியும், வகுப்பறைத் தொட்டியில் முட்டையிட்ட வரிக்குதிரை மீனும். குஞ்சுப் பருவத்தில் தொட்டி மீன் நிறையச் சாகும். இறந்ததை உடனே எடுத்தால் போதும். செத்த குஞ்சில் சில பிறவியிலேயே கோணலானவையாக இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. முதுகு வளைந்த ஒன்றைப் பார்த்து, எல்லாக் குஞ்சும் இப்படித்தான் என்று முடிவு கட்டிவிட முடியாது. அதனால் ஒரே நீளமுள்ள பலவற்றைச் சேர்த்துப் பார்த்தோம்.

இந்த வேலை முழுவதிலும் ஒரே ஒரு எதிரிதான்: அமிலம். சிவப்பு நிறம் ஒட்டுவது கல்சியத்தில். அமிலம் கல்சியத்தைக் கரைத்துவிடும். கல்சியம் போனபின் எலும்பு இருந்த இடம் வெறுமையாகத் தெரியும். பார்ப்பவர் “இந்த வயதில் எலும்பு இன்னும் வரவில்லை” என்று எழுதிக்கொள்வார். மருந்து கெட்டதால் வந்த வெறுமையும் வயது போதாததால் வந்த வெறுமையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருப்பதால், வேலையின் பெரும்பங்கு அமிலத்தை விலக்கி வைப்பதிலேயே போகிறது.

செத்த உடலை அழுகாமல் காக்கும் போமலின் இதில் முதற் கள்வன். திறந்து வைத்த போமலின் காலப்போக்கில் போமிக் அமிலமாக மாறிக்கொண்டே இருக்கும். அலுமாரியில் பல வருடம் கிடந்த ஒரு பழைய போத்தலில் கால் முளைத்த வாற்பேத்தைகள் இருந்தன. ஆசையோடு எடுத்து நிறமூட்டினால் நீலம் அழகாக ஏறியது, சிவப்பு ஒரு புள்ளிகூட இல்லை. அமிலம் பட்டால் சிவக்கும் பாசிச்சாயத் தாளை அந்தப் போமலினில் நனைத்தபோது அது சிவந்தது. அந்தப் போத்தலை அன்றோடு ஒதுக்கினோம். புதிய போமலினை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து, சிறிது போராக்ஸ் (வெண்காரம்) சேர்த்து வைத்தோம். போராக்ஸ் கிடைக்காத கிழமையில், கவ்வாத்து வெட்டிய தேயிலை மலைக்குத் தோட்டத்தில் போடுகிற டொலமைட் தூள் கைகொடுத்தது. ஒரு கரண்டி அளவு போத்தலின் அடியில் படிந்து கிடந்தால், உண்டாகும் அமிலத்தை அது மெல்ல மெல்லத் தின்றுவிடும். தேயிலை மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடுவதும் அதே காரணத்துக்காகத்தான். போமலின் வேலையை வராந்தாவில், கையுறையும் கண்ணாடியும் போட்டு, காற்று வீசும் திசையைப் பார்த்துத்தான் செய்யவேண்டும். பிள்ளைகளிடம் நான் கண்டிப்பாக இருந்த இடம் இது.

ஓரிரு நாள் போமலினில் இருந்தபின், நன்றாகக் கழுவி, படிப்படியாக 70 வீத எதனோலுக்கு மாற்றவேண்டும். அதன்பின் நீலம்.

குருத்தெலும்பை நீலமாக்குவது அல்சியன் நீலம். வழக்கமான முறையில் 80 மில்லிலீற்றர் எதனோலோடு 20 மில்லிலீற்றர் செறிந்த அசற்றிக் அமிலம் சேர்த்து அதில் நீலத்தூளைக் கரைப்பார்கள். அந்த அமிலம்தான் நீலத்தைக் குருத்தெலும்பில் மட்டும் ஒட்டவைக்கிறது, வேறெங்கும் அப்பிக்கொள்ளாமல் தடுக்கிறது. ஆனால் நான்கு மில்லிமீற்றர் மீன்குஞ்சின் நூலிழை எலும்பு அந்த அமிலத்தில் தாங்காது. 2007 இல் இதற்கு ஒரு மாற்றுவழி வெளியானது: அமிலத்துக்குப் பதிலாக மக்னீசியம் குளோரைட்டு உப்பு. 100 மில்லிலீற்றர் 70 வீத எதனோலில் 20 மில்லிகிராம் அல்சியன் நீலம், ஏறக்குறைய 1.2 கிராம் மக்னீசியம் குளோரைட்டு. நீலம் தன் இடத்திலேயே ஒட்டுகிறது, கல்சியமும் பிழைக்கிறது. மீன்குஞ்சுகளுக்கும் வாற்பேத்தைகளுக்கும் இதையே பயன்படுத்தினோம். தோல் உரித்த குட்டித்தேரைகளில் மட்டும் நீலம் உள்ளே போகத் தயங்கியது. அவற்றுக்கு அமில முறையைச் சில மணி நேரம் மட்டும் கொடுத்து, உடனே போராக்ஸ் நீரில் இட்டு அமிலத்தை அடக்கினோம்.

அமிலம் தன் வேலையைக் காட்டிவிட்டதா என்று அறிய மீன்குஞ்சிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. கண்ணுக்குச் சற்றுப் பின்னால், உட்காதில், மணல்போல இரண்டு மூன்று கற்கள் இருக்கும். அவை கல்சியம் காபனேற்று. அமிலத்துக்கு முதலில் பலியாவது அவைதான். காதுக்கல் காணாமற்போன குஞ்சை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

தேரையின் வாற்பேத்தை கரிபோலக் கறுப்பு. அந்த நிறமியை வெளுக்காமல் உள்ளே எதுவும் தெரியாது. பாமசியில் கிடைக்கும் 3 வீத ஐதரசன் பரவொட்சைட்டும் 2 வீத பொட்டாசியம் ஐதரொட்சைட்டும் சம அளவு கலந்தால் வேண்டிய கலவை கிடைத்துவிடும். மீன்குஞ்சுக்கு இருபது நிமிடம் போதும். வாற்பேத்தைக்கு அதைவிட வெகுநேரம் வேண்டும். அருகிலேயே இருந்து பார்க்கவேண்டும், ஏனென்றால் நேரம் கடந்தால் உடம்புக்குள் ஒட்சிசன் குமிழிகள் உண்டாகி, வயிற்றுக்குள்ளும் மண்டைக்குள்ளும் சிக்கிக்கொள்ளும். போத்தலின் மூடியை ஒருபோதும் இறுக்கக் கூடாது.

இனிச் சிவப்பு. அலிசரின் சிவப்பை நீரில் கரைத்து வைத்துக்கொண்டு, 1 வீத பொட்டாசியம் ஐதரொட்சைட்டில் துளித்துளியாக ஊதா நிறம் அடர்ந்து வரும்வரை விடவேண்டும். இந்தச் சாயத்தின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1736 இல் ஜோன் பெல்சியர் என்ற ஆங்கில மருத்துவர், சாயவேர் வகை ஒன்றைத் தின்ற பன்றிகளின் எலும்பு சிவந்திருப்பதைக் கண்டு எழுதினார். அந்த ஐரோப்பிய வேரில் இருந்த அதே அலிசரின்தான் நம் சாயவேரிலும் இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டி எடுக்கப்பட்டு, சீலைகளுக்குச் சிவப்பூட்டியது அதுதான். துணியில் உலோக உப்பைப் பிடித்துக்கொள்ளும் அதே குணத்தால்தான் எலும்பில் அது கல்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொன்ன நாளில் வேதியியல் பாடமும் வரலாற்றுப் பாடமும் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தன.

நிறம் ஏறியபின், பொட்டாசியம் ஐதரொட்சைட்டும் கிளிசரினும் கலந்த நீரில், கிளிசரினின் பங்கைக் கூட்டிக்கொண்டே போகவேண்டும். கடைசியில் தனிக் கிளிசரின். இங்கேதான் மலையகக் குளிர் குறுக்கே நிற்கிறது. ஒளி ஊடுருவுமளவு தசை தெளிவதற்குப் பிற ஊர்களில் சொல்லப்படும் காலம் ஹட்டனுக்குப் பொருந்தாது. தை மாதத்தில் எல்லாமே இழுபடுகிறது. கோழிக்குஞ்சுக்கு வைப்பதுபோல் ஒரு அட்டைப்பெட்டிக்குள் மின்குமிழ் ஏற்றி அதில் வைத்தோம். சூடு கூடுதலாக வேண்டாம், உள்ளங்கைக்கு இதமாக இருந்தால் போதும். பொட்டாசியம் ஐதரொட்சைட்டின் செறிவைக் கூட்டி அவசரப்படுத்துவதை நான் அனுமதிக்கவில்லை. தசை சேறாகக் குழைந்து எலும்புகள் தனித்தனியாக உதிர்ந்துவிடும். பொறுமையைத் தவிர வேறு குறுக்குவழி இதில் இல்லை.

பூஞ்சணம் பிடிக்காமலிருக்கக் கிளிசரினில் ஒரு சிறு தைமோல் படிகம் போடுவது வழக்கம். மூடியைத் திறந்ததும் பிள்ளைகள் “ஓமம், சேர்!” என்றார்கள். உண்மைதான், ஓமத்தின் மணத்துக்குக் காரணமே தைமோல்.

இனி, கண்டவை.

வரிக்குதிரை மீன் குஞ்சில் முதலில் சிவந்தவை இரண்டு. ஒன்று, செவுள்மூடியின் எலும்பு. மற்றது, செவுளுக்குப் பின்னால் தோள்பக்கமாக நிற்கும் வளைந்த எலும்பு. மற்ற இடமெல்லாம் நீலமாகவோ வெறுமையாகவோ இருந்தபோது, இவை இரண்டும் சிவப்புக் கீறலாக நின்றன. அடுத்துத் தொண்டைக்குள் சிறு சிவப்புப் புள்ளிகள். அவை பற்கள். இந்த மீனின் தாடையில் பல் கிடையாது. கடைசிச் செவுள் வளைவில்தான் பல் முளைக்கிறது. மண்டையின் அடித்தளத்தில் ஒரு மெல்லிய சிவப்புத் தகடு. இத்தனையும் வந்தபின்னும் முதுகெலும்பின் இடத்தில் ஒன்றும் இல்லை, முதுகெலும்புக்கு முன்னரே இருக்கும் தண்டான முதுகுநாண் மட்டும் நீண்டு கிடக்கிறது. முதுகெலும்புள்ள உயிர் என்று வகைப்படுத்திய மீனில் முதுகெலும்பு இவ்வளவு பிந்தி வருவது பிள்ளைகளை மிகவும் வியக்கவைத்தது. ஆனால் குஞ்சின் இடத்திலிருந்து பார்த்தால் இந்த ஒழுங்கு புரிகிறது. முட்டையில் கொண்டுவந்த மஞ்சட்கரு தீர்ந்துவிடும். அதற்குள் வாயும் தொண்டையும் இரை விழுங்கத் தயாராகவேண்டும், செவுள்மூடி நீரைத் தள்ளவேண்டும். நீந்துவதற்கு விறைப்பான முதுகுநாணே அதுவரை போதுமாயிருக்கிறது.

சற்று வளர்ந்த குஞ்சுகளில் முதுகுநாணின் வால்முனை மேல்நோக்கி வளைந்திருந்தது. அதன் கீழே நீலக் குருத்துத் தகடுகள், அவற்றிலிருந்து விரியும் சிவப்புத் துடுப்புக் கதிர்கள். முள்ளெலும்புகள் முதுகுநாணைச் சுற்றி வளையங்களாகச் சிவக்கத் தொடங்கியிருந்தன. நீலத்தின் சாயலே இல்லாமல் நேரடியாகச் சிவப்பு. மீனின் முள்ளெலும்பு உடல் நம்முடையதைப்போலக் குருத்தெலும்பு வடிவம் எடுத்துப் பின் எலும்பாவதில்லை என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்க இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

கப்பி வேறு விதம். அது முட்டையிடுவதில்லை, குட்டி போடுகிறது. பிறந்த அன்றே இறந்த ஒரு கப்பிக்குட்டியில் முதுகெலும்பு தலையிலிருந்து வால்வரை சிவந்து கிடந்தது, வால்துடுப்புக் கதிர்களும் அப்படியே. தாய் உட்பட எந்தப் பெரிய மீனும் அதைத் தின்னத் தயங்காது. பிறந்த கணமே ஓடவேண்டிய குட்டி, ஓடத் தேவையானதைக் கருவிலேயே கட்டிக்கொண்டு வருகிறது.

இங்கே வயது பற்றி ஒன்று. நூல்களில் வரிக்குதிரை மீனின் வளர்ச்சி 28.5 பாகை செல்சியஸ் நீருக்கான நாட்கணக்கில் எழுதப்பட்டிருக்கும். அந்த வெப்பத்தில் மூன்றாம் நாளளவில் தெரியும் செவுள்மூடி எலும்பு, எங்கள் தொட்டியின் குளிர்ந்த நீரில் அதற்கு வெகுவாகப் பிந்தித்தான் தெரிந்தது. ஆகவே நாட்கணக்கைக் கைவிட்டு, மீனுக்கு மூக்குநுனி முதல் உடலின் நீளத்தையும், வாற்பேத்தைக்குப் பின்னங்காலின் நிலையையும் எழுதிவைத்தோம். 1960 இல் கொஸ்னர் என்ற ஆய்வாளர் வாற்பேத்தை வளர்ச்சிக்கு வகுத்த 46 நிலைகள் இதற்காகவே உருவானவை. காலில் விரல் பிரிந்துவிட்டதா, முன்னங்கால் வெளிவந்துவிட்டதா, வாய் அகன்றுவிட்டதா என்று பார்த்தால் நிலை தெரிந்துவிடும். கொழும்பில் செய்தாலும் நுவரெலியாவில் செய்தாலும் இந்தக் கணக்கு ஒப்பிடத்தக்கது.

வாற்பேத்தை நீலத்தின் இராச்சியம். கால் மொட்டாக இருக்கும் நிலையில் சிவப்பு அநேகமாக இல்லவே இல்லை. மீன்குஞ்சு நான்கு மில்லிமீற்றரிலேயே சிவப்புப் போட்டுவிட, அதைவிடப் பெரிய வாற்பேத்தை குருத்தெலும்பிலேயே காலம் கழிக்கிறது. கீழ்த்தாடைக் குருத்து மிகச் சிறியது, குறுக்காகக் கிடக்கிறது. வாயின் கறுப்பு அலகு இரண்டு நிறத்தையும் ஏற்கவில்லை. அது நகத்தைப்போன்ற கெரற்றின். அதன் பின்னால் அகன்ற இரு நீலத்தகடுகளும் ஒரு செவுள்கூடையும். பாசியைச் சுரண்டி, நீரை இறைத்து, வடிகட்டித் தின்னும் உயிருக்கு வாயைவிட இந்த இறைக்கும் பொறிதான் பெரிதாக வேண்டியிருக்கிறது.

பின்னங்கால் வளர வளரச் சிவப்பு வருகிறது. முள்ளெலும்பின் மேல்வளைவுகள், மண்டையின் பின்பக்கமும் அடித்தகடும், மேல்மூடியின் இரு கீற்றுகள். தொடையெலும்பின் நடுவில் ஒரு சிவப்பு வளையம், இரு நுனியிலும் நீலம். நான் பலமுறை திரும்பத் திரும்பப் பார்த்தது முன்னங்காலைத்தான். வெளியே இருந்து பார்த்தால் வாற்பேத்தைக்கு முன்னங்கால் இல்லை. தெளியவைத்த உடம்பில், செவுளை மூடிய தோலுக்குள், முழங்கை மடித்து விரல்கள் எல்லாம் முடிந்த இரண்டு கைகள் காத்திருந்தன.

முதுகுத்தண்டின் பக்கத்தில் சில மாதிரிகளில் வெள்ளையும் மங்கிய சிவப்புமான சுண்ணாம்புத் திட்டுகளைக் கண்டோம். அழுக்கு என்று கழுவப்போன மாணவியைத் தடுத்தேன். உட்காதிலிருந்து முதுகுநரம்பை ஒட்டி நீளும் பைகளில் வாற்பேத்தை கல்சியம் காபனேற்றைச் சேமிக்கிறது. உருமாற்றத்தின்போது எலும்புகளுக்குச் சுண்ணாம்பு அவசரமாகத் தேவை. அந்த நாட்களில் வாய் மாறிக்கொண்டிருப்பதால் தின்னவும் முடியாது. அப்போது செலவாவது இந்தச் சேமிப்பு. கெட்ட போமலின் முதலில் கரைப்பது இதையுந்தான்.

“சேர், வாலில் எலும்பே இல்லையே?” என்று ஒரு மாணவன் கேட்டான். இல்லை. வாலில் முதுகுநாண் மட்டும்தான். அதனால்தான் அதை உறிஞ்சி அழிப்பது தேரைக்கு எளிது. உடம்பின் பின்கோடியில் சில முள்ளெலும்புகள் மட்டும் ஒன்றாகி, நாணுக்குக் கீழே உண்டாகும் ஒரு குருத்துத்தண்டோடு சேர்ந்து, ஒற்றை நீண்ட கோலாகிறது. குட்டித்தேரையில் அந்தக் கோல் இடுப்பெலும்பின் இரு நீண்ட கைகளுக்கு நடுவே நின்றது. செவுள்கூடை போய்விட்டிருந்தது. கீழ்த்தாடை நீண்டு, மூட்டு காதுவரை பின்னே நகர்ந்திருந்தது. முன்கையில் இரண்டு எலும்பு ஒன்றாகிவிட்டது, கீழ்க்காலிலும் அப்படியே. கணுக்காலின் இரு எலும்புகளோ இன்னொரு கால்பகுதிபோல் நீண்டிருந்தன. தாடையில் பல்லைத் தேடவேண்டாம், தேரைக்குப் பல் இல்லை.

இந்த மலைகளின் சிறுதவளைகள் பலவற்றைப் பற்றி இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஈரமண்ணிலும் இலைக்குப்பையிலும் முட்டையிடும் அவற்றுக்கு நீந்தும் வாற்பேத்தைப் பருவமே கிடையாது; முட்டையிலிருந்து முழுத் தவளைக்குஞ்சாகவே வெளிவருகின்றன. அவற்றை நாங்கள் தொடவில்லை, தொடவும் கூடாது. ஆனால் இங்குள்ள அத்தகைய இனம் ஒன்றின் முட்டைக்கருக்களை ஆராய்ந்து 2007 இல் வெளியான ஆய்வு எங்கள் போத்தல்களுக்குப் பொருள் கூட்டியது. நீரையே காணாத அந்தக் கருவிலும் வாற்பேத்தைக்குரிய மேல்தாடைக் குருத்துகள் தோன்றுகின்றன, கீழ்த்தாடையும் முதலில் வாற்பேத்தை வடிவிலேயே உருவாகிப் பின் மாறுகிறது. செவுள்வளைவுகள் மட்டும் தொடக்கத்திலிருந்தே முதிர்ந்த தவளையின் வடிவில் அமைகின்றன. புவேர்ட்டோ ரிக்கோவின் கொக்கி என்ற தவளையும் வாற்பேத்தையை விட்டுவிட்ட இனம்தான். ஆனால் அது அந்த மேல்தாடைக் குருத்துகளையும் சேர்த்து விட்டுவிட்டது. இரண்டும் தனித்தனியே அந்தப் பருவத்தைக் கைவிட்டவை. எதை விட்டன, எதை வைத்துக்கொண்டன என்பதில் வேறுபடுகின்றன.

செய்ய நினைப்பவர்களுக்கு இன்னும் சில. பார்ப்பதற்கு விலை உயர்ந்த நுணுக்குக்காட்டி தேவையில்லை. கீழிருந்து வெளிச்சம் வரும் வெள்ளைக் கண்ணாடித் தட்டும், பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையும் போதும். கைத்தொலைபேசியை வில்லையோடு அசையாமல் கட்டிவைத்தால் படமும் எடுக்கலாம். மாதிரியைக் கிளிசரினுக்குள் முழுக்க அமிழ்த்தியே பார்க்கவேண்டும், பாதி வெளியே நின்றால் ஒளி சிதறிவிடும். வெயில் படும் யன்னலில் வைத்தால் நிறம் மங்கும், அலுமாரிக்குள் வையுங்கள். சீட்டைப் பென்சிலால் எழுதிப் போத்தலுக்குள்ளேயே போடுங்கள், மை கிளிசரினில் கலங்கிவிடும். எடுத்த இடம், எடுத்த மாதம், நீரின் வெப்பம், நீளம் அல்லது நிலை, எந்தப் போமலின், அது பாசிச்சாயத் தாளில் காட்டிய நிறம்: இவ்வளவும் சீட்டில் இருக்கட்டும். எங்களிடம் முன்னங்கால் வெளிவரும் தறுவாயிலுள்ள மாதிரிகள்தான் இன்னும் குறைவு. அடுத்த மழைக்குப்பின் குட்டைகள் வற்றும் நேரத்தில், செத்தவை அழுகும் முன்னரே எடுக்க, தோட்ட வேலைக்கு ஆட்களைக் கூட்டும் காலைப் பிரட்டுக்குப் போகும் வழியில் பீலிக்கரையைப் பார்த்துச் சொல்வதாக இரண்டு மாணவர்களின் அம்மாமார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.